பாஸ்டரம்மாவின் வீட்டுக்காரர்

எங்கள் சபைக்குப் புதிய போதகர் வந்த முதல் வாரத்தில், அவர் வீட்டுத் தொலைபேசியில் தினமும் ஒரே உரையாடல்தான் நடந்தது.

"பாஸ்டர் இருக்காரா?"

"இருக்காங்க. குளிச்சுக்கிட்டு இருக்காங்க."

"நீங்க யாரு பேசறது?"

"நான் அவங்க வீட்டுக்காரர்."

எதிர்முனையில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, "சரி, பாஸ்டரம்மாகிட்ட குடுங்க."

"அவங்கதான் குளிக்கிறாங்கன்னு சொன்னேனே!"

பேசியவர்கள் மேல் தப்பில்லை. இத்தனை காலமாக 'பாஸ்டரம்மா' என்றால் பாஸ்டரின் மனைவி. இப்போது பாஸ்டரே அம்மா. அப்படியானால் அவருடைய கணவரை என்னவென்று கூப்பிடுவது? 'பாஸ்டரய்யா' என்று சொன்னால் யாராவது அவரைப் பிரசங்க பீடத்தில் ஏற்றிவிடுவார்கள். அவரோ குழாய் ரிப்பேர் செய்பவர். மேடை ஏறச் சொன்னால் மேடைக்கு அடியில் போகிற பைப் எது என்றுதான் பார்ப்பார். கடைசியில் 'வீட்டுக்காரர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கல்யாணமான பெண்கள் நூறு பேர் இருக்கிற சபையில் 'வீட்டுக்காரர் வந்துட்டாரா?' என்று கேட்டால், அது அவர் ஒருவரைத்தான் குறிக்கும்.

நான் அந்தச் சபையில் கீபோர்டு வாசிக்கிறவள். என் நாற்காலி மேடைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பிரசங்கம் பண்ணுகிறவர் முகமும் தெரியும், தூங்குகிறவர்கள் முகமும் தெரியும். அதனால் இனி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி கண்ணால் பார்த்தது.

பாஸ்டரம்மா முன்பு ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். முப்பத்தாறாவது வயதில் ஒருநாள், சிங்க்குக்கு அடியில் படுத்திருந்த கணவரிடம் குனிந்து, "எனக்கு இறையியல் படிக்கணுங்க" என்றாராம்.

"எத்தனை வருஷம்?"

"நாலு."

"அப்போ காலைச் சாப்பாடு நான் பாத்துக்கறேன். அந்த டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "லைப்ரரி எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க? நான் வந்து கூட்டிட்டு வரணுமில்ல" என்றார்.

நான்கு வருஷம் அந்த வீட்டில் ரொட்டி கருகியது, மகள் இரண்டு கால்களிலும் வேறு வேறு நிறத்தில் சாக்ஸ் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், மனைவி படித்துத் தேறினார். பிறகு வேறொரு சபையில் உதவிப் போதகராகச் சில வருஷம். அதன்பின் எங்களிடம் வந்தார்கள்.

எங்கள் பெண்கள் ஐக்கியத்துக்குப் பதினாறு வருஷமாக ஒரே செயலாளர்தான். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்க விதிகளைப் பழுப்பு அட்டை போட்டு, பள்ளிக்கூட நோட்டு மாதிரி வைத்திருப்பார். பாஸ்டரின் மனைவிதான் எப்போதும் ஐக்கியத்துக்குத் தலைவி என்பது எங்களுக்குத் தெரியும். பாஸ்டருக்கு மனைவியே இல்லாதபோது என்ன செய்வது என்று விதியைப் பார்க்க, செயலாளரம்மா நோட்டைத் திறந்தார். 'போதகரின் வாழ்க்கைத்துணை இந்த ஐக்கியத்தின் தலைமைப் பொறுப்பை வகிப்பார்.'

மனைவி என்று எழுதித் தொலைத்திருக்கலாம். அந்தக் காலத்தில் எழுதினவருக்குக் கொஞ்சம் அழகாக எழுதிவிட வேண்டும் என்று ஆசை. செயலாளரம்மா மூன்று முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காவது முறையும் படித்தார்.

"விதி விதிதான்" என்றார், பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை நாலு மணிக்கு, வேலையிலிருந்து நேராக, சிவப்புக் கருவிப் பையோடு வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். நாற்பது பெண்கள் எழுந்து நின்றோம். அவர் பின்னால் திரும்பி, யாருக்காக எழுந்து நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

"ஆரம்ப ஜெபம், தலைவர்" என்றார் செயலாளரம்மா.

வழக்கமாக அந்த ஜெபம் பத்து நிமிஷம் ஓடும். அவர் கண்ணை மூடினார். ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். மறுபடி மூடினார். "ஆண்டவரே, எல்லாரும் வந்துட்டாங்க. ரொம்ப நன்றி. ஆமென்."

என் பக்கத்தில் நின்ற பேக்கரி அக்கா சிரிப்பை அடக்க முயன்று, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அமைதியில் கூடத்துச் சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. எங்களுக்கு அது வருஷக்கணக்கில் பழகிய சத்தம். வீட்டுக்காரருக்கு அது காதுக்குள் ஊசி. நெளிந்தார். "ஒரே நிமிஷம்" என்று எழுந்து போனார். அதற்குள் உள்ளே திரும்பியிருந்த பேக்கரி அக்கா பின்னாலேயே போனார். அவர் பின்னால் நான் போனேன். ஐந்தாவது நிமிஷத்தில் ஐக்கியம் முழுவதும் அந்தச் சமையலறையில் நெருக்கியடித்து நின்றது.

"இந்த வாஷர்தான் தேஞ்சு போச்சு. இதை மாத்தினாப் போதும்."

"அவ்வளவுதானா? இதை நானே பண்ணலாமா?" என்றார் பேக்கரி அக்கா.

"உங்க கை மாவு பிசையற கை. இதெல்லாம் உங்களுக்கு ஜுஜுபி."

அடுத்த வியாழன் ஒருத்தி வீட்டிலிருந்து பழைய குழாயைக் கழற்றிக் கொண்டுவந்தாள். அதற்கடுத்த வாரம் ஆறு பேர். சீக்கிரமே எங்கள் கூட்டம் பாதி ஜெபக்கூட்டமாகவும் பாதி பட்டறையாகவும் ஆகிவிட்டது. கைக்கு வேலை வந்ததும் வாய் தானாகத் திறந்தது. அதற்கு முன்பெல்லாம் ஜெப விண்ணப்பம் கேட்டால் 'குடும்பத்துக்காக ஜெபிச்சுக்குங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு வியாழன், குழாய் மரையில் வெள்ளை டேப் சுற்றிக்கொண்டிருந்த தையல்காரப் பெண், தலையைத் தூக்காமலே சொன்னாள்: "என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போய் எட்டு மாசம் ஆகுது. டூர்ல இருக்கார்னு உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்."

எல்லாருடைய கையும் நின்றது. செயலாளரம்மா எழுந்தார். போச்சு, விதிகள் நோட்டை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போய் அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்தார். பிறகு, "நீ எதிர்ப்பக்கமா சுத்தறே, கண்ணு. வலப்பக்கமா சுத்து" என்றார். இரண்டு பேரும் அழுதுகொண்டே அந்த டேப்பைப் பிரித்து மறுபடி சுற்றினார்கள்.

அன்றைக்கு வந்த தைரியத்தில், வாசிக்கிற பாட்டுகளில் பாதி வரிகளை நான் நம்புவதில்லை என்று நானும் சொல்லிவிட்டேன். ஒருவரும் மயங்கி விழவில்லை. "மீதிப் பாதி எது?" என்று மட்டும் பேக்கரி அக்கா கேட்டார்.

பாஸ்டரம்மா வீட்டிலும் அதே சமயத்தில் ஒரு குண்டு வெடித்தது. பதினேழு வயது மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, "நான் இனிமே சர்ச்சுக்கு வரலம்மா. எனக்குக் கடவுள் இருக்கார்னு தோணல" என்றாள்.

"இதை இப்பவா சொல்லணும்? ஒன்பதரைக்கு ஆராதனை!"

"நேத்து சொல்லலாம்னு இருந்தேன். நேத்து நீங்க பிரசங்கம் எழுதிட்டு இருந்தீங்க."

பாஸ்டரம்மா ஒரு கால் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் கையில் தோசைக் கரண்டியோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மாதிரிக் கசிவை எங்கே அடைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தோணலைன்னா தோணலைதான்" என்றார் அம்மா கடைசியில். "தோணற மாதிரி நடிக்காதே. அதுக்குச் சபையில ஏற்கெனவே நிறைய ஆள் இருக்கு. ஆனா எனக்கு ஒரு உதவி பண்ணு. நான் எழுதறதை சனிக்கிழமை படிச்சுப் பாரு. எங்க கொட்டாவி வருதோ, எங்க பொய் மாதிரி இருக்கோ, அங்க கோடு போடு."

அவள் சிவப்புப் பேனா வாங்கிவிட்டாள். நாற்பது நிமிஷப் பிரசங்கம் ஒரே மாதத்தில் பதினெட்டு நிமிஷத்துக்கு வந்தது. சபையை நிர்வகிக்கும் மூப்பர்களில் மூத்தவர் ஆராதனை முடிந்து என்னிடம் வந்து, "கவனிச்சியாம்மா? ஆவியானவர் நம்ம பாஸ்டரம்மாவை எவ்வளவு தெளிவா நடத்தறார்!" என்றார். ஆவியானவர் அப்போது எதிர்ப்புறத்துப் பேருந்து நிறுத்தத்தில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு மதியம் மூன்று பேரும் சேர்ந்துதான் சாப்பிடப் போவார்கள். அதற்காக வந்து காத்திருப்பாள்.

வீட்டுக்காரரிடமும் ஒரு ரகசியம் இருந்தது. அவர் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எங்கள் சபையில் குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பதில்லை, பெரியவர்கள் ஆன பிறகுதான் எடுப்பார்கள். தண்ணீரில் முழுவதும் முழுக்கிவிடுவோம். அதற்கு முன்னால், தன் வாழ்க்கை எப்படி மாறியது என்று சபை முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். அதுதான் அவருக்கு இடித்தது. "நான் குடிச்சதில்ல, அடிதடிக்குப் போனதில்ல. மாறினதுன்னு சொல்ல என்ன இருக்கு?" என்று மனைவியிடம் சொல்லி இருபது வருஷம் தள்ளிப்போட்டிருந்தார். ஞானஸ்நானம் எடுத்தவர்கள்தான் திருவிருந்தில் அப்பம் எடுக்கலாம். அதனால் அப்பத் தட்டு வரும்போது, பந்தியில் மறுப்பவர் மாதிரி, "பசியில்ல" என்று பக்கத்து ஆளிடம் நகர்த்திவிடுவார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு மூன்று பேருக்கு ஞானஸ்நானம். மேடைப் பலகைகளை எடுத்தால் அடியில் நெஞ்சளவு ஆழத்தில் தொட்டி. காவல்காரர் விடியற்காலையிலேயே தண்ணீரைத் திறந்துவிட்டார். நிரம்பியதும் மூடப் போனால், வால்வின் கைப்பிடி சும்மா சுற்றுகிறது. உள்ளே தண்டு முறிந்திருந்தது. யாரிடமும் சொல்ல பயந்துகொண்டு அவர் தனியாகத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டாவது பாட்டில் என் கால் நனைந்தது. நான் குனிந்து பார்ப்பதற்குள் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையிலிருந்து பாய்ந்து வந்து, என் கீபோர்டு பிளக்கைப் பிடுங்கினார்.

"தெருவுல மெயின் வால்வை மூடுங்க!" என்று கத்தினார்.

மெயின் வால்வின் இரும்பு மூடி மேல் மூத்த மூப்பரின் கார் நின்றது. கார்ச் சாவி காருக்குள் இருந்தது.

"அப்போ அடியில இருக்கற அடைப்பானைத்தான் எடுக்கணும்" என்றார். அதன் சங்கிலி எப்போதோ அறுந்துபோயிருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி செயலாளரம்மாவிடம் கொடுத்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைக் கழற்ற மறந்து, படி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கினார். மூச்சை இழுத்து முழுகினார்.

எழுந்து, "பிடி கிடைக்கல!" என்றார்.

மறுபடி முழுகி எழுந்து, "கிடைச்சுது, வரல!"

பாஸ்டரம்மா வெள்ளை அங்கியோடு விளிம்பில் மண்டி போட்டு, அவர் கோட்டுக் காலரை இறுகப் பிடித்திருந்தார். அங்கியில் குத்தியிருந்த மைக் உயிரோடு இருப்பது இருவருக்கும் நினைவில்லை. சபைக்குள் அவர் மனைவியை 'நீங்க, பாஸ்டர்' என்றுதான் பேசுவார். ஒருநாளும் தவறியதில்லை. அன்றைக்கு நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது இதுதான்: "ஏய், காலரை விடுடி! நான் கீழ போகணும்!"

முதலில் பாடகர் குழுவில் ஒருத்தி 'க்ளுக்' என்றாள். அப்புறம் அணை உடைந்தது. இருநூறு பேர் தண்ணீரில் பாதத்தை நனைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

வாசல் படியில் தண்ணீர் இறங்குவதைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்துவிட்டு மகள் ஓடிவந்தாள். ஆறு மாதம் கழித்து அவள் உள்ளே வந்தது அன்றைக்குத்தான். "அப்பா! என்ன வேணும்?"

"பெரிய ரெஞ்ச்! வண்டியில, சிவப்புப் பையில!"

எடுத்துவந்தவள் அதை நீட்டவில்லை. அதோடு தொட்டிக்குள் குதித்துவிட்டாள். அப்பாவும் மகளும் சேர்ந்து முழுகினார்கள். நாங்கள் சிரிப்பை நிறுத்தி, தலைகளை எண்ணிக் காத்திருந்தோம். அடியிலிருந்து ஒரு ராட்சதன் ஏப்பம் விட்ட மாதிரி சத்தம் கிளம்பியது. இரண்டு தலைகளும் மேலே வந்தன. அவள் கையில் அடைப்பான். கூடமே கைதட்டியது. செயலாளரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியில் ஆவி படிந்து, எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் காவல்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. திடீரென்று முகம் மாறி, "பாஸ்டர்... நான் மூணு தடவை முழுகிட்டேன். இதோட சேத்து எனக்கும் குடுத்துடுங்களேன்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"பிதா, குமாரன், ஆவி. மூணுக்கு மூணு கணக்கு சரியா வருதே!" என்றார் மூத்த மூப்பர் உற்சாகமாக. "சாட்சி சொல்லலையே, அது எப்படி செல்லும்?" என்றார் இன்னொருவர். ஈரச் செருப்போடு இரண்டு கட்சி உருவானது.

பாஸ்டரம்மாவின் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் தலையை ஆட்டினார். "ஞானஸ்நான வகுப்பு ஆறு வாரம். எல்லாருக்கும் ஆறு வாரம்தான். என் வீட்டுக்காரர்ங்கறதுக்காகக் குறுக்கு வழி கிடையாது." பிறகு தொட்டியை எட்டிப் பார்த்துப் பதறினார். "ஐயோ, தண்ணி இறங்குது! இந்த மூணு பேர் எத்தனை மாசமா காத்திருக்காங்க!"

"கவலைப்படாதீங்க. மேலேர்ந்து வந்துக்கிட்டேதான் இருக்கு. நான் அளவு பாத்துக்கறேன்" என்றார் அவர்.

அப்படியே செய்தார். தொட்டியின் மூலையில் நின்றுகொண்டு, குதிகாலால் ஓட்டையை மூடியும் திறந்தும், மூன்று ஞானஸ்நானம் முடியும்வரை தண்ணீரை இடுப்புக்கு மேலேயே வைத்திருந்தார். மகள் படியில் நனைந்தபடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் இறங்கியவர் ஒரு பேருந்து ஓட்டுநர், முரட்டு ஆள். தண்ணீரிலிருந்து எழுந்தபோது குழந்தை மாதிரி வாயைத் திறந்து சிரித்தார்.

"அவர் மூஞ்சியைப் பக்கத்துல பாத்தேன்" என்று பிறகு அவள் என்னிடம் சொன்னாள். "எனக்கு இன்னும் ஒண்ணும் தோணல. ஆனா அவருக்கு ஏதோ தோணுச்சு. அது பொய் இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுது."

வகுப்பு புதன்கிழமை மாலைகளில் அவர்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. மாணவர் ஒருவர். அவர் கேட்கத் தயங்கிய கேள்விகளையெல்லாம் கேட்க மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நரகம் உண்டா என்று கேட்டாள். வேறு மதத்தில் பிறந்த தன் சிநேகிதி எங்கே போவாள் என்று கேட்டாள். ஆணை விரும்பும் ஆண்களை இத்தனை சபைகள் ஏன் வாசலிலேயே நிறுத்துகின்றன என்று கேட்டாள். பாஸ்டரம்மா சிலவற்றுக்குப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு, "தெரியலம்மா. ஆனா வாசல்ல நிறுத்தறவங்க பக்கம் நான் நிக்க மாட்டேன்" என்றார். அந்த வரி சிவப்புக் கோடு விழாமல் அந்த மாதம் ஒரு பிரசங்கத்திலும் வந்தது. இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போயின. மூன்று பேர் புதிதாக வந்து, முதல் நாள் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் நடுவில் உட்கார்ந்தார்கள்.

ஏழாவது ஞாயிறு வீட்டுக்காரரின் முறை. புது வால்வு அவரே போட்டது. சாட்சி சொல்ல மைக் முன்னால் நின்றார்.

"எனக்குச் சொல்லத் தெரியாது. என் வாழ்க்கையில பெரிய மாற்றம் ஒண்ணும் கிடையாது. நான் வீடு வீடாப் போய் சிங்க்குக்கு அடியில படுத்துக் கிடக்கறவன். அங்க படுத்திருக்கறவன் முன்னாடி யாரும் வேஷம் போட மாட்டாங்க. சண்டை போடுவாங்க, அழுவாங்க. எனக்குக் கேக்கும். ஆனா நான் பைப்பை மட்டும் பாத்துட்டு வந்துடுவேன். வியாழக்கிழமைகள்ல இந்த அக்காங்க, தங்கச்சிங்க என்னைக் கூட உக்கார வச்சு எல்லாம் பேசினாங்க. அப்போதான் மனுஷங்க பேசறதை நின்னு கேக்கக் கத்துக்கிட்டேன். யாரோ என்னையும் இத்தனை வருஷமா அப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கார்னு தோணுச்சு. அவ்வளவுதான். ஆமென்."

தையல்காரப் பெண்தான் முதலில் மூக்கை உறிஞ்சினாள். பாஸ்டரம்மா தொட்டிக்குள் இறங்கி, கணவரின் முதுகில் ஒரு கையும் நெஞ்சில் ஒரு கையும் வைத்தார். அவரை முழுக்கி எடுத்தபோது இரண்டு பேருமே சமநிலை தவறி மறுபடி ஒன்றாக உள்ளே போனார்கள். நான் பாட்டை அரை ஸ்வரம் ஏற்றி ஆரம்பித்துவிட்டேன். எல்லாரும் கத்திப் பாடினார்கள். நானும் எல்லா வரிகளையும் பாடினேன். அன்று திருவிருந்தில் தட்டு வந்ததும் அவர் இரண்டு துண்டு எடுத்தார்.

அடுத்த வியாழன் அவர் கூட்டத்தில் எழுந்து நின்றார். "ஒரு ஆளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதால தலைவர் ஆகறது என்ன நியாயம்? தேர்தல் வைங்க."

செயலாளரம்மா பென்சிலைக் கூராக்கி, விதியைத் திருத்தினார். வாக்குச் சீட்டு வெட்டப்பட்டது. பேக்கரி அக்கா நின்றார். வீட்டுக்காரரும் நின்றார், ஜெயிப்போம் என்றுதான் நின்றார் என்பது முகத்திலேயே தெரிந்தது. பேக்கரி அக்காவுக்கு முப்பத்திரண்டு ஓட்டு. அவருக்கு ஒன்பது.

அன்று வீட்டுக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். பாஸ்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மகள்தான் சமாதானப்படுத்தினாள்: "அப்பா, ஒன்பது பேர் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. போன தடவை ஒருத்தருமே தேர்ந்தெடுக்கல, விதிதான் தேர்ந்தெடுத்துச்சு." அவர் எழுந்து உட்கார்ந்தார். அது அவருக்குப் பிடித்துப்போனது.

இப்போது ஐக்கியத்தில் அவர் சாதாரண உறுப்பினர். பேருந்து ஓட்டுநரும் இன்னும் நாலு ஆண்களும் சேர்ந்துவிட்டார்கள். பெயரில் உள்ள 'பெண்கள்' என்ற சொல்லை என்ன செய்வது என்று செயலாளரம்மா மறுபடி கன்னத்தில் கை வைத்திருக்கிறார். வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு குறை. அந்த ஒன்பது பேர் யார் யார் என்று தெரிய வேண்டும். குழாய் ரிப்பேருக்குப் போகிற வீட்டிலெல்லாம் நைசாக விசாரிக்கிறார். நானும் உங்களுக்குத்தான் போட்டேன் என்று இதுவரை பதினேழு பேர் அவரிடம் சொல்லியிருக்கிறோம்.